மஞ்சள் பூசிய மண்மேடு

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க விடுவார்கள் என்று நம்பினேன். சித்தூரில் ஒரு தனியார் கட்டுமான நிறுவனம் விடவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் எடுக்கும் அளவுகளைச் சரிபார்க்க ஒரு கிழவர் வேண்டுமாம். அரசு வேலையில் நான் எல்லா விதிகளையும் கற்றிருந்தேன், அவற்றை மீறுவதற்கான விதிகள் உட்பட.

அந்த வருடம் பயிற்சிக்கு வந்தவள் நகரி ஊர்ப் பெண், டிப்ளமோ முடித்தவள். அவள் தனியாக எடுக்கும் முதல் அளவு சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். தப்பானால் வீட்டுக்குப் போகலாம். அவளுக்குக் கிடைத்தது பங்காருபாளையம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் கழிவுநீர்க் குட்டை. தோண்டி முடித்திருந்தார்கள். ஆழம் எவ்வளவு என்று எழுதி அவள் கையெழுத்திட வேண்டும்.

தோண்டுவதற்கு முன்பே தரைமட்டம் எடுத்து வைப்பதுதான் முறை. தொழிற்சாலை முதலாளிக்கு நல்ல நேரம் தவறிவிடும் என்ற அவசரம், யாரும் எடுக்கவில்லை. கரையெல்லாம் தோண்டிய மண்ணைக் கொட்டிவிட்டதால் மிஞ்சிய ஒரே சாட்சி, குட்டையின் நடுவே தோண்டாமல் விட்ட மண்மேடு. அதன் உச்சிதான் பழைய தரை. உச்சியிலிருந்து அடிவரை அளந்தால் ஆழம். அந்த உச்சியில் சில கூடை மண்ணைப் போட்டு மேலே புல்லை ஒட்டினால் ஆழம் கூடும், தோண்டிய காண்டிராக்டரின் பில்லும் கூடும். என்னைவிட வயதான தந்திரம் இது. மேற்புல்லைச் சுரண்டிப் பார்த்தால் பழைய புல் அடியில் மக்கிக் கிடக்கும். இதைச் சொல்லித்தான் அவளை அனுப்பினேன்.

மதியம் போன் வந்தது.

"சார், சுரண்ட முடியல."

"ஏம்மா, மண்வெட்டி இல்லியா?"

"மேட்டுக்கு மஞ்சா பூசி, பால் ஊத்திக்கினு இருக்காங்க சார். அம்மன் வளந்துக்கினு வருதாம்."

மாந்தோப்பு வேலைக்கு அந்த வழியே போகும் பெண்கள் மேடு உயர்ந்ததை அவளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். உடனே காண்டிராக்டரை நினைத்திருக்க வேண்டும். நல்லவர்கள், அம்மனை நினைத்துவிட்டார்கள்.

அம்மனைச் சுரண்டும் முறை எந்த விதியிலும் இல்லை. "மேலிடத்துக்கு ஒரு கடிதம் போடு" என்றேன். வழி தெரியாதபோது நாங்கள் சொல்வது அதுதான். அவள் போடவில்லை.

மறுநாள் நானே போனேன். காண்டிராக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். இனி அந்த மேட்டை யார் தொடுவார்கள் என்ற பக்தி.

அப்போது ஒரு அம்மாள் சொன்னாள்: "இங்க கோயில் கட்டணும். அம்மன் காலாண்ட கழிவுத்தண்ணி வுடக் கூடாது. குட்டய மூடுங்க."

காண்டிராக்டரின் கற்பூரம் அணைந்தது. பயிற்சிப் பெண் அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. தானா வளந்துச்சின்னா அளக்க முடியாது, வேலை முடியலன்னு எழுதிட்டுப் போறேன், பில்லு வராது. நீங்க மண்ணு போட்டிருந்தீங்கன்னா, எடுத்துட்டு அளந்துக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மாமரங்களைப் பார்த்தேன்.

"கொஞ்சூண்டுதான் போட்டேன் பாப்பா."

கோயில் கேட்ட அம்மாள் பாய்ந்தாள்: "அடப்பாவி! நீ போட்ட மண்ணுக்கா நான் பால் ஊத்தினேன்? எங்கூட்டுல காப்பிக்குப் பால் இல்லாம எம்புருசன் கத்திக்கினு கீறான்!"

ஆட்கள் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. பெண்களே தீர்ப்பு சொன்னார்கள்: அவரே தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டு, வெறுங்கையால் எடுக்க வேண்டும். எடுத்தார். மக்கிய பழைய புல் தெரிந்ததும், "போதும்ணா, இதான் தரை" என்று அவள் நிறுத்தினாள். அவர் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் எடுத்தார், பயத்தில். அதையும் சேர்த்து அளந்து, அவருக்கு நஷ்டமில்லாமல்தான் எழுதினாள்.

அந்தத் தாளை அரைமணி நேரம் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விரல்தடம் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு எழுதிவிட்டு, வேலையை நிரந்தரம் செய்யலாம் என்று கீழே கையெழுத்திட்டேன்.