டவருக்கு அடிபடவில்லை

சரசா தன் வாழ்நாளில் ஏறிய ஒரே மலை திருத்தணி. அதுவும் பேருந்தில். பாதி வழியில் வாந்தி எடுத்தாள். ஆனால் இந்த மாநிலத்தின் மலைகளில் எந்தப் பாறைமேல் ஏறினால் போன் பேசலாம் என்பது ஆவடி பக்கத்துக் கோவில்பதாகையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை அவளிடம் கேட்பவர்கள் யாரும் இல்லை.

ஆறு வருடமாக அவள் போலீஸ் அவசர அழைப்புக் கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். மாநிலத்தில் எங்கிருந்து கூப்பிட்டாலும் சென்னையில் இருக்கும் அந்தக் கூடத்துக்குத்தான் வரும். மலை வட்டங்களின் அழைப்புகள் பின்சுவர் ஓரமாக உள்ள நான்கு நாற்காலிகளுக்குப் போகும். அதில் ஒன்று சரசாவுடையது. கேட்கவேண்டும், இடத்தைத் திரையில் ஏற்றவேண்டும், பக்கத்துப் போலீஸ் வண்டிக்கு அனுப்பவேண்டும். மீதியைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். அவள் போலீஸ் இல்லை. தெருவில் எல்லோரும் போலீஸ் அக்கா என்கிறார்கள். முதல் இரண்டு வருடம் மறுத்துப் பார்த்தாள்.

வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு தவறு செய்தாள். ஒரு மலைக்கிராமத்துக்காரர் கூப்பிட்டு, மரத்திலிருந்து விழுந்தவனுக்கு இடுப்பு உடைந்துவிட்டது என்றார். வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்கு வண்டியை அனுப்பினாள். வண்டி போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு பாறை இருந்தது. பாறைமேல் போன் பேசியவர் உட்கார்ந்திருந்தார். அடிபட்டவன் எங்கே என்று கேட்டதற்கு எதிர்மலையைக் கை காட்டினார். ஊரில் சிக்னல் கிடையாது. சிக்னலுக்காக அவர் ஒன்றரை மணி நேரம் நடந்து வந்திருந்தார். அடிபட்டவன் பிழைத்துவிட்டான், ஆனால் சாய்ந்துதான் நடக்கிறான் என்று அந்த ஊர் ஏட்டு பிறகொரு நாள் சொன்னார். சரசா அன்று மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதிலிருந்து அவள் முதலில் காற்றைக் கேட்கிறாள். சம்பவம் நடந்த இடத்திலிருந்து பேசினால் பின்னால் ஆள் சத்தம் இருக்கும். ஒருவர் அழுவார், ஒருவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதட்டுவார். பாறையிலிருந்து பேசினால் காற்று மட்டும்தான். காற்று கேட்டால் எங்கே நின்று பேசுகிறீர்கள், நடந்தது எங்கே என்று தனித்தனியாகக் கேட்பாள். கூடத்துக்குள் பேனா, காகிதத்துக்கு அனுமதியில்லை. அதனால் அன்றன்று கேட்ட பாறைகளை மனதில் வைத்திருந்து, மாலை ரயிலில் ஒரு பழைய நோட்டில் எழுதுவாள்.

இதற்கெல்லாம் நேரம் பிடித்தது. புதிதாக வந்த கண்காணிப்பாளர் ஸ்வாதிக்கு வயது இருபத்தாறு, வீடு பூந்தமல்லியில் ஒரு அடுக்ககம். ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடம் என்பது விதி. சரசாவின் சராசரி ஐந்து. பன்னிரண்டாம் தேதி ஸ்வாதி அவளைக் கூப்பிட்டு, மாத முடிவில் மூன்றைத் தாண்டினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினாள்.

"டவுன்காரன் தெரு பேரு சொல்லுவான் மேடம். இவன் ஒரு மரத்த சொல்லுவான். மரத்துக்கு பின்கோடு கெடையாது."

"ரூல் நான் போடலக்கா" என்றாள் ஸ்வாதி.

சரசாவின் கணவன் கஜபதி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பிட்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டக்குனு பேசிட்டு வெச்சிடேன். என்கிட்ட அப்டிதான பேசுற?" என்றான்.

"உன்கிட்ட எடம் கேட்டு இன்னா புண்ணியம்? சொல்ற எடத்துல நீ என்னிக்கு இருந்த?"

பதினான்காம் தேதி ஸ்வாதி ஒரு நிறுத்துக் கடிகாரத்துடன் வந்து சரசாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு அழைப்பு வந்தது.

"போலீசுங்களா? பிக்கப் வண்டி கவுந்துருச்சு. ஒருத்தன் அடியில கெடக்குறான். சீக்கிரம் வாங்க."

வரைபடத்தில் புள்ளி விழுந்தது. காற்று வீசியது.

"பேரு சொல்லுங்க."

"அஜித்குமாரு. பேரா இப்ப முக்கியம்?"

"நீங்க நிக்கிற எடத்துலேர்ந்து வண்டி தெரியுதா?"

"தெரியலீங்க."

"பாறை மேல நிக்கிறீங்களா?"

"ஆமாங்க. எப்பிடித் தெரியும்?"

"பக்கத்துல ரெண்டு வேல் நட்டு, ஒண்ணு ஒடஞ்சி இருக்கா?"

"இருக்குங்க."

நோட்டில் அது முப்பத்தொன்றாம் பக்கம். மலை முகட்டில் உள்ள பாறை. கிழக்குச் சரிவு ஒரு மாவட்டம், மேற்குச் சரிவு இன்னொன்று. புள்ளி கிழக்கில், டவர் இருக்கும் பக்கம் இருந்தது.

"ஏறி வரச்சொல்ல வெயில் முதுகுல அடிச்சிதா, மூஞ்சில அடிச்சிதா?"

"ஏம்மா, ஆளு சாகக் கெடக்குறான், நீ வெயில விசாரிக்கிற!"

"முதுகா மூஞ்சா? சொல்லுய்யா!" மரியாதை எங்கேயோ போய்விட்டது.

"முதுகுலதான்."

"வண்டி எங்க கவுந்துது?"

"ஓடைப் பாலத்துக்குக் கீழ."

மத்தியான வெயில் முதுகில் அடித்தால் மேற்குச் சரிவில் ஏறியிருக்கிறான். சரசா மேற்குப் பக்கத்து ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தாள். புள்ளியை மீறி அனுப்ப அனுமதியில்லை என்றது திரை. கண்காணிப்பாளர் அனுமதி தரவேண்டும்.

"அக்கா, மேப் கிழக்கால காட்டுது."

"மேப் டவர காட்டுது மேடம். டவருக்கு அடிபடல."

ஸ்வாதி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிடம் ஆகியிருந்தது. தவறாகப் போனால் அறிக்கையில் இரண்டு பேர் பெயரும் வரும். தன் எண்ணை அழுத்தி அனுமதி கொடுத்தாள்.

சரசா இணைப்பைத் துண்டிக்கவில்லை. போலீஸ் டிரைவருக்கு வழி சொல்ல ஆள் வேண்டும், அஜித்குமார் பாறையிலிருந்து இறங்கினால் சிக்னல் போய்விடும்.

"சார்ஜ் எட்டுதாங்க இருக்கு."

"அப்ப நீ பேசாத. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

நாற்பத்தோராவது நிமிடத்தில் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. ஆளை வெளியே எடுத்துவிட்டார்கள், கால் முறிவு, உயிர் இருக்கிறது. அஜித்குமாரிடம் அதைச் சொன்னாள். அவன் நன்றி சொல்வதற்குள் சார்ஜ் தீர்ந்தது.

அந்தக் கூடத்தில் அவ்வளவு நீளமான அழைப்பு அதுவரை வந்ததில்லை. ஸ்வாதி கடிகாரத்தை நிறுத்தி, தன் அறைக்குப் போய் விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்தாள். ஒரு இடத்துக்கு ஒரு பதிவு என்று அதில் இருந்தது. பேசுகிற இடம் ஒன்று, நடந்த இடம் ஒன்று என்றால் பதிவு இரண்டு, நேரம் பாதிப்பாதி. இந்த மாதம் முதல் தேதியிலிருந்தே இப்படித்தான் பதியப்போகிறோம் என்று மேலிடத்துக்கு அரைப்பக்கம் எழுதினாள். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. அந்த அலுவலகத்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

மாத முடிவில் சரசாவின் சராசரி இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. அவள் ஒரு நொடிகூடக் குறைத்துப் பேசவில்லை.

ஒப்பந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அன்று மாலை ஆவடியில் இறங்கியதும் கஜபதிக்குப் போன் செய்தாள்.

"லெட்டர் குட்த்தாங்களா?"

"குட்த்துட்டாங்க. ஒரு வருசம்."

"அப்பாடா. நான் ஸ்டேஷன் வாசல்லதான் நின்னுகினு கீறேன். வா."

காற்று கேட்டது.

"ஏரிக்கரையில கீற."

"...இதோ வந்துகினே கீறேன்."

சரசா நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். அன்றைய பாறைகள் இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த வரியில் எழுதினாள்: கஜபதி. ஸ்டேஷன் வாசல் என்று சொன்னால் ஏரிக்கரை. வந்துசேரப் பதினைந்து நிமிடம்.