தண்ணீர்த் தொட்டிக்கு அங்காலே

வயதானவர்களைக் காற்று வாங்கக் கூட்டிக்கொண்டு போகிற வேலையில், காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மூக்குக்கண்ணாடி, போர்வை, குளிசை, தண்ணீர்ப் போத்தல், இவற்றில் ஏதாவது ஒன்று வீட்டில் விடுபட்டிருக்கும். அது பாதி வழியில்தான் தெரியவரும்.

நான் கூட்டிக்கொண்டு போனது அகாத்தா அம்மாவை, அவர்கள் பேச்சில் சிஞ்ஞோரா அகாத்தா. நகரத்தின் லிபெர்த்தாப் பகுதியில் மரங்கள் நிற்கிற தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் இருந்தார். புருஷன் செத்த பிறகு அவருடைய கார் ஓட்ட ஆளில்லாமல் நின்றது. மகள் டானியேலா வக்கீல். என்னை வேலைக்கு எடுத்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: கடற்கரைக்கு மட்டும் போங்கள், மெல்ல ஓட்டுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். என் பெயர் பாஸ்கரன். சிஞ்ஞோராவின் வாயில் அது முதல் நாளே பஸ்குவாலே ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. பலெர்மோவில் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்கள் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், வேலையில் ஒரு பெயர்.

கடலுக்கு முதுகு

மொந்தெல்லோ கடற்கரையில் காரை நிறுத்தி, மர வாங்கில் சிஞ்ஞோராவை இருத்துவேன். எல்லாரும் கடலைப் பார்த்தபடி இருக்க, சிஞ்ஞோரா மட்டும் சிரமப்பட்டு மற்றப் பக்கம் திரும்பி இருப்பார். கைத்தடியை நீட்டி மலைகளைக் காட்டிக் கேள்வி கேட்பார். அந்த வெள்ளைக் கோடு பாதையா, நீர் ஓடின தடமா? அந்த உச்சியில் வீடு கட்டியவன் தண்ணீருக்கு என்ன செய்வான்? எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்கக் கேட்க எனக்கும் அறிய வேண்டும் போல வந்துவிட்டது.

ஒருநாள் காற்று பலமாக அடித்தது. சால்வையைச் சுற்றிவிட்டு, "கடலைப் பாருங்கோ சிஞ்ஞோரா, டொக்டர் கடல் காத்துத்தானே நல்லதெண்டவர்" என்றேன். அவர் எழும்பிக் காருக்கு நடந்தார். பின் சீற்றில் ஏறுகிறவர், அன்று முன் சீற்றுக் கதவைத் திறந்தார்.

"கடல் ஓடிப்போகாது, பஸ்குவாலே. மலையிலை ஏத்தும்."

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

ஞாயிறு எனக்கு ஓய்வு. நானும் மனைவி ரஞ்சியும் மொந்தே பெல்லெக்ரினோ மலையில் கோவில் கொண்டிருக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போவோம். இதை வாய் தவறிச் சொன்னதுதான், சிஞ்ஞோரா தானும் வருவேன் என்றுவிட்டார். ஓய்வு நாளையும் வேலை தின்னும் கதை உங்களுக்குத் தெரியாததா? மேலே வரை காரில் போய், பிறகு பழைய கல்பாதையில் கொஞ்சத் தூரமாவது நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ரஞ்சி. கீழே துறைமுகமும் நகரத்துக் கூரைகளும் தெரிந்தன. எங்கள் சனம் வெறுங்காலோடு, கையில் பூவோடு எங்களைத் தாண்டிப் போனது.

சிஞ்ஞோரா அதிசயத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ரஞ்சியிடம், "உங்கடை கடவுள் வேறை. இவ எங்கடை புனிதை. கலியாணம் வேண்டாமெண்டு வீட்டை விட்டுப் போய்க் குகையிலை இருந்தவ. இவவிட்டை ஏன் வாறியள்?" என்று கேட்டார். ரஞ்சியின் இத்தாலியன் சமையலறை இத்தாலியன்தான். இருந்தாலும் யோசித்துச் சொன்னாள்.

"எங்கடை முருகனும் மலையிலைதான் இருக்கிறவர், சிஞ்ஞோரா. மலையிலை இருக்கிற ஆக்களிட்டைப் போய்க் கதைச்சு எங்களுக்குப் பழக்கம்."

மந்தரின் தோட்டத்துக் காது

பெப்ரவரி கடைசியில் நகரத்துக்கு வெளியே, சியாகுல்லித் தோட்டங்கள் பக்கம் போனோம். மற்ற இடங்களில் மந்தரின் தோடம்பழம் முடிந்துபோகிற நேரத்தில்தான் அங்கே பழம் இனிக்கும். மதிலோரமாகக் காரை நிறுத்தினேன். உள்ளே பழம் ஆய்ந்துகொண்டிருந்த கிழவர் ஒருவர், சிஞ்ஞோரா எட்டிப் பார்ப்பதைக் கண்டு இலையோடு இரண்டு பழம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் மதிலுக்கு இரு பக்கமும் நின்று சிசிலிப் பேச்சில் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். சிஞ்ஞோரா ஏதோ ஒரு சொல் சொன்னார். கிழவர் சிரித்துவிட்டு, தலையைச் சரித்து அவரை இன்னொரு முறை பார்த்தார்.

எங்களுக்குள்ளும் ஒருவர் வாயைத் திறந்தால் ஊரில் எந்தப் பக்கம், தீவா வடமராட்சியா என்று தெரிந்துவிடும். ஆனால் இத்தாலியர் எல்லாரும் எனக்கு ஒரே மாதிரித்தான் கதைப்பார்கள். சிஞ்ஞோரா பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவர் என்றே நினைத்திருந்தேன். அவர் காரில் ஏறிய பிறகு கிழவர் என் பக்கம் குனிந்தார்.

"உம்மடை சிஞ்ஞோரா இந்த ஊர் ஆள் இல்லை. அந்தச் சொல்லு உள்நாட்டு மலையிலைதான் இருக்கு. அதுவும் ஒரே ஒரு ஊரிலை."

திரும்பும் இடம்

அதற்குப் பிறகு எங்கள் பயணம் எல்லாம் ஒரே பாதையில்தான். சியாகுல்லியைத் தாண்டி, கடலை விட்டு, உள்ளே உள்ளே. தோட்டங்கள் முடிந்துபோகும். மரமே இல்லாத மலைகள் வரும். வசந்தத்தில் அவை பச்சையாக இருந்தன. கோதுமை வெட்டிய பிறகு பார்த்தால் பாலைவனம்தான். மஞ்சள் மண், சப்பாத்திக்கள்ளி, முட்செடி, நாயின் மூச்சுப் போலச் சுடுகிற காற்று. ஒரு வளைவில், முந்தி கோவேறு கழுதைகள் தண்ணீர் குடித்த நீளமான கல்தொட்டி ஒன்று. அங்கே இறங்கி, கைத்தடியோடு கொஞ்சத் தூரம் ஒற்றையடிப் பாதையில் நடப்போம். எதிர் மலையின் முதுகில், அதே மண் நிறத்தில், சின்ன ஊர் ஒன்று தெரியும். சிஞ்ஞோரா அதைப் பார்ப்பார். பிறகு காரைத் திருப்பச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அங்கேயே.

கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஆனாலும் ஒருநாள், "அங்காலை என்ன ஊர் சிஞ்ஞோரா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தொட்டி விளிம்பில் இருந்து சொன்னார். அது அவர் பிறந்த ஊர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் அவருக்கு ஒரு கலியாணம் பேசினார்கள். அவனைப் பிடிக்கவில்லை என்றில்லை, அந்த ஊரிலேயே கிடந்து சாகப் பிடிக்கவில்லை. காலை பஸ்ஸில் ஏறிப் பலெர்மோவுக்கு வந்துவிட்டார். பேசிய கலியாணத்தை நிறுத்த மனமில்லாத தகப்பன், தங்கை நுன்சியாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவளை ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு சிஞ்ஞோரா ஊருக்குப் போனதே இல்லை. வுச்சீரியாச் சந்தையில் ஒலிவ் விற்கிற ஊர்க்காரர் ஒருவர் மூலம், தங்கை உயிரோடு இருக்கிறாள், புருஷன் செத்துவிட்டான் என்று மட்டும் தெரியும்.

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

"நான் இறங்கி ஓடின வண்டியிலை அவளைப் பிடிச்சு ஏத்தினவங்கள், பஸ்குவாலே. என்ன முகத்தோடை போறது?"

காலுறையில் முள்

பிடிபட்டது முட்செடியால்தான். சிஞ்ஞோராவின் காலுறையில் ஒட்டியிருந்த முள்ளுக் காய்களை மகள் டானியேலா கண்டுவிட்டார். என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மேசையில் அவற்றை வைத்து, கடற்கரையில் இது எங்கே முளைக்கிறது என்று கேட்டார். மலைப்பக்கம் போவதை ஒத்துக்கொண்டேன். தாயின் நெஞ்சு பலவீனமானது, அந்த வெயிலில் மயங்கி விழுந்தால் கிட்ட ஆஸ்பத்திரி கூட இல்லை. கோபத்தை விட அவருக்குப் பயம்தான் அதிகம். எனக்கோ வேறு பயம். பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கிற நேரம். வேலை இல்லை என்றால் அதுவும் இல்லை.

"அங்கை அம்மாவுக்கு ஆருமில்லை. என்னத்தைப் பாக்க இவ்வளவு தூரம் போறியள்?" என்றார். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லலாமா? சொல்ல வேண்டியவர் வேறு ஆள் அல்லவா? அப்போது சிஞ்ஞோரா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கதிரையை இழுத்து இருந்து, தனக்கு ஒரு தங்கை இருப்பதை மகளுக்கு முதல் முறையாகச் சொன்னார். டானியேலா அந்த முள்ளுக் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு கதிரை ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"இருங்கோ. வெய்யில் ஏற முன்னம் போய்ச் சேர எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?"

கதவு

தொட்டியைத் தாண்டியபோது நான் ஓட்டத்தைக் குறைத்தேன், திருப்பச் சொல்வாரோ என்று. அவர் கைப்பையைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குள் கார் போகாத ஒழுங்கைகள். வாசல்களில் பிளாஸ்டிக் கான்கள் அடுக்கியிருந்தன, தண்ணீர் முறை வைத்து வருகிற ஊர். முற்றவெளியில் கதிரை போட்டிருந்த கிழவர்கள் கதையை நிறுத்திவிட்டு, ஒரு கறுத்த மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறும் கிழவியைப் பார்த்தார்கள். சிஞ்ஞோராவுக்கு மூச்சு வாங்கியது. கன்னியர் மடத்துப் பிள்ளைபோல் வாய்க்குள் எதையோ சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். நான் என் சட்டையை இழுத்துச் சரிசெய்தேன், கதவைத் திறக்கப்போவது என் தங்கை போல.

தட்டியதும் கதவு திறந்தது. சிஞ்ஞோராவின் மூக்கு, சிஞ்ஞோராவின் நாடி, ஆனால் கட்டையான உருவம், ஏப்ரன் கட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாடமாக்கிய ஒன்றும் சிஞ்ஞோராவின் வாயிலிருந்து வரவில்லை. ஒழுங்கையில் காற்று சுழன்று எங்கள் மூன்று பேர் மேலும் மண்ணைக் கொட்டியது. நுன்சியா கண்ணைச் சுருக்கினார்.

"வாறதெண்டால் உள்ளை வா. இல்லாட்டிக் கதவைச் சாத்து, வீடெல்லாம் தூசி."

கேட்டதும் கேட்காததும்

அன்று இரண்டு பேரும் அவரைக்காய் உரித்தபடி விலைவாசியைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். எனக்குக் கோப்பி கிடைத்தது. அடுத்த கிழமை போனபோதுதான் சிஞ்ஞோரா தொடங்கினார். தன்னால்தான் நுன்சியாவின் வாழ்க்கை வீணானது, மன்னிக்க வேண்டும் என்று, அழுதுகொண்டு. நான் எழும்பி வெளியே போகப் பார்த்தேன். நுன்சியா கையைக் காட்டி இருக்கச் சொன்னார். சாட்சிக்கோ, துணைக்கோ, எனக்கு இன்று வரை தெரியாது.

சுவரில் மீசை வைத்த மனிதரின் படம். நுன்சியா அதைத் தன் ஏப்ரனால் துடைத்தார். தன் புருஷனான இந்த மனிதர் கோடையில் தொட்டிவரை போய்த் தண்ணீர் சுமந்து வந்தவர், பிள்ளை செத்துப் பிறந்தபோது பக்கத்தை விட்டு நகராதவர் என்றார். அக்கா ஓடியதால் தனக்கு நட்டம் என்று ஒருநாளும் நினைத்ததில்லையாம். சிஞ்ஞோரா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் சுமந்தது ஒன்று, இங்கே இருந்த மனத்தாங்கல் வேறொன்று. அது என்ன என்பதை நுன்சியா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"சந்தோஷமா இருக்கிறியோ எண்டு ஒருக்கால் வந்து கேட்டிருந்தால், ஓம் எண்டு சொல்லியிருப்பன். நீ கேக்கேல்லை."

முன் சீற்

அடுத்த பயணத்துக்கு நாங்கள் போனபோது, நுன்சியா கறுப்புக் கைப்பையோடு வாசலில் ஆயத்தமாக நின்றார். இந்த மலைகளுக்குப் பின்னால் எந்த எந்த ஊர் என்று தனக்கும் பார்க்க வேண்டுமாம். நேரே போய் முன் கதவைத் திறந்தார். அது தன்னுடைய இடம் என்றார் அக்கா. நீ பலெர்மோவிலிருந்து இவ்வளவு தூரம் அதிலேதானே வந்தாய், இனி என் முறை என்றார் தங்கை. நடு வெயிலில் காரின் இரண்டு பக்கமும் இரண்டு கிழவிகள். முற்றவெளிக் கிழவர்கள் கதிரைகளைத் திருப்பிப் போட்டார்கள்.

நான் சமாதானம் செய்யப் போய், போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்றேன். அதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பின் சீற்றில் ஏறி, ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கு என்றார், மற்றவர் ஏற்று என்றார். பிறகு நுன்சியா முன்னால் சாய்ந்து என் தோளைத் தட்டினார்.

"பஸ்குவாலே, ஆர் சொல்லையும் கேளாதையும். அந்த மலைக்கு அங்காலை என்ன இருக்கெண்டு பாப்பம், ஓட்டும்."

ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை இந்த வேலைக்கு எடுக்கிறார்கள், ஆனால் ரோட்டை மட்டும் பார்த்து இந்த வேலையைச் செய்து முடித்த ஒருவரையும் பலெர்மோவில் நான் காணவில்லை.