உட்காரவைத்து வைத்த புள்ளி

லேசர் சிகிச்சைக்கு முன் கண்ணை அளக்கும் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘கோணல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். “தலை கோணலா இருக்கு, நேரா வைங்க” என்று நாளைக்கு ஐம்பது தடவை சொன்னால் வேறென்ன பெயர் கிடைக்கும்? மகளுக்குத் தலைவாரும்போதுகூட, ஒரு கண்ணை மூடி வகிட்டைச் சரிபார்த்த பிறகுதான் பள்ளிக்கு அனுப்புவாள்.

அன்று வந்தவர் கிரேன் ஓட்டுநர். கருவிழி ஒரே சீரான வளைவில்லாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் சிலிண்டர் பவர், இரண்டு கண்ணிலும் அதிகம். கண்ணாடி இல்லாமல் பார்வைத் தேர்வில் தேறினால்தான் பெரிய கிரேனில் ஏற்றுவார்கள்.

அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொரு கருவிழியின் ஓரத்திலும் இடமும் வலமுமாக மைப்புள்ளி வைத்தாள். படுத்ததும் கண் லேசாகச் சுழன்றுவிடும்; அப்படியே விட்டால் லேசர் கோணம் தவறிப் படும். அதைக் கண்டுபிடிக்கும் வசதி அங்கிருந்த பழைய இயந்திரத்துக்குக் கிடையாது. டாக்டர் புள்ளிகளைப் பார்த்துத்தான் படுத்திருப்பவரின் தலையைத் திருப்பிச் சரிசெய்வார்.

படுத்தவருக்குப் பயத்தில் கண்ணீர் பொங்கியது. துடைத்துப் பார்த்தால் வலது கண்ணின் புள்ளிகள் கரைந்துபோயிருந்தன.

“பரவால்ல, இப்படியே வச்சிடுங்க,” என்றார் டாக்டர். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

அவள் பேனாவை எடுத்தாள். கை நின்றது. “படுத்தபடி வச்சா கண்ணு எவ்வளவு திரும்பியிருக்குன்னே தெரியாது டாக்டர். எழுந்து உட்காரட்டும்.”

“ரெண்டு மூணு டிகிரிக்கு என்னம்மா ஆகிடப் போகுது?”

“சில பேருக்குப் பத்துகூடத் திரும்புது. அஞ்சு தப்பினாலே ஆறுல ஒரு பங்கு பவர் போகாம மிஞ்சிடும். இவர் கண்ணாடியைக் கழட்டத்தானே வந்திருக்கார்?”

ஓட்டுநர் படுத்தபடியே கையைத் தூக்கினார். “எழுந்துக்கவா, வேணாமாக்கா? ஒரு முடிவு சொல்லிட்டா நான் நிம்மதியா பயப்படுவேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எழுந்திருப்பா. கோணல் அக்கா விடமாட்டாங்க.”

மறுபடி புள்ளி வைத்துப் படுக்கவைத்ததும் டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தார். “ஏழு டிகிரி,” என்றார். ஓட்டுநரின் தலையை மெல்லத் திருப்பினார்.

ஒரே டிகிரியாக இருந்திருந்தால் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தாள். நினைத்தால் நினைக்கட்டும், அப்போதும் உட்காரத்தான் வைத்திருப்பேன் என்று பட்டது.

மறுநாள் காலை ஓட்டுநர் வந்தார். இடது கண் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று ஓடியது. வலது கண்ணிலும் தேர்வுக்கு வேண்டிய வரியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

“மனப்பாடமா? பின்னாலேருந்து படிங்க.”

“என்னக்கா, நம்ப மாட்டீங்களா?” முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுத்தெழுத்தாகப் படித்தார். ஐந்தில் நான்கு சரி.

“முதல் நாளைக்கு இது ரொம்ப நல்லா இருக்கு. ஆற ஆற இன்னும் தெளியும்.”

“தேர்வுல நாலு போதும்க்கா!”

“எனக்குப் போதாது,” என்று சொல்லி, அடுத்த வாரம் அவர் வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதினாள்.