கராஜ் கதவும் பதின்மூன்று டிகிரியும்

போன சனிக்கிழமை என் மனைவியின் தம்பி ஃபோன் எடுத்தான். சுகம்கூட விசாரிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அத்தான், கராஜ் கதவுக்கு இன்சுலேஷன் போட்டீங்களே... ஹீட்டிங் பில் குறைஞ்சதோ?"

அவன் மட்டுமா? நவம்பரில் இதே பத்தியில் நான் கொஞ்சம் பெருமையடித்திருந்தேன் — கராஜ் கதவை இன்சுலேட் செய்யப் போகிறேன், வீட்டு எனர்ஜியை மிச்சம் பிடிக்கப் போகிறேன் என்று. அன்றிலிருந்து கோயிலில், கடையில், ஒரு செத்தவீட்டில்கூட ஆட்கள் என்னை மறித்துக் கேட்கிறார்கள். "குறைஞ்சதோ?"

சொல்கிறேன். அதற்கு முதலில் மீன் பொரியலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அஜக்ஸ் நகரில் இந்த வீட்டை வாங்கிப் பதினெட்டு வருஷம். அதற்கு முன் வெக்ஸ்போர்ட்டில் அப்பார்ட்மென்ட். அங்கே ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஏழாம் மாடி முழுவதற்கும் தெரியும். சொந்த வீட்டில் அந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்தோம். ஜன்னலெல்லாம் பூட்டிய வீட்டில் மணம் எங்கே போகும்? வந்த முதல் குளிர்காலத்திலேயே சோபாவில், திரைச்சீலையில், முக்கியமாக ஜாக்கெட்டுகளில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆகவே எங்கள் சனம் செய்வதை நாங்களும் செய்தோம். கராஜில் ஒரு பழைய கரண்ட் அடுப்பைப் பூட்டினோம். பக்கத்தில் மேசை, ஃப்ரீசர், அரிசி மூட்டை. வீட்டுக்குள் இருக்கும் கிச்சன் தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் மட்டும். பொரிப்பதெல்லாம் கராஜில். பெரிய கதவை ஓர் அடி உயர்த்திவிட்டால் புகையும் மணமும் வெளியே போய்விடும். நல்ல ஏற்பாடு. யாருக்கு நல்ல ஏற்பாடு என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

மகள் வேலைக்குப் போகத் தொடங்கியபின் சட்டம் இன்னும் இறுகியது. அவள் தினமும் ரயிலில் டவுன்டவுனுக்குப் போகிறவள். ஒருநாள் பனி கொட்டுகிறதே என்று சாந்தி — என் மனைவி — இரண்டு துண்டு மீனை உள்ளே பொரித்துவிட்டாள். மறுநாள் மாலை மகள் வாசலில் நின்றே கத்தினாள்.

"அம்மா, என்ர கோட் மணக்குது! ட்ரெயின்ல பக்கத்தில இருந்த ஆள் எழும்பிப் போயிட்டார். ஐ ஆம் நாட் ஜோக்கிங்!"

அந்த ஆள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்திருக்கலாம். ஆனால் அதோடு வீட்டுக்குள் மீன் பொரிப்பது நின்றுபோனது.

இந்த நவம்பரில் சாந்தி அறிவித்தாள். "இஞ்சேருங்கோ, இந்த வின்டருக்கு என்னால அங்க நிண்டு பொரிக்கேலாது. விரலெல்லாம் விறைச்சு நோகுது. ஒண்டில் உள்ளுக்க பொரிக்கிறன். இல்லையெண்டால் மீனை விடுங்கோ."

உள்ளே பொரித்தால் மகளின் கோட். கராஜில் பொரித்தால் மனைவியின் விரல். மீனை விடுவதா... அதை நான் பரிசீலிக்கவே இல்லை.

அப்போதுதான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கராஜ் கதவுக்கு ஃபோம் ஒட்டினால் கராஜும் கதகதப்பாகும், வீட்டு எனர்ஜியும் மிச்சமாகும் என்று. வேறென்ன வேண்டும்? மனைவிக்குச் சூடு, பில்லுக்குக் குறைவு!

இரண்டு வார இறுதி வேலை. ஃபோம் பலகைகளை அளந்து, வெட்டி, கதவின் உட்பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒட்டினேன். வெட்டியது சாந்தியின் மீன் வெட்டும் கத்தியால் — அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முடிந்தபோது கதவு புதுச் சட்டை போட்டது மாதிரி வெள்ளையாக நின்றது.

வீடு திருத்தும் வேலையில் இருபத்தைந்து வருஷம் இருக்கும் தவம் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"கராஜுக்குள்ள ஹீட்டர் இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"இதுக்கு மேல படுக்கிற அறை?"

"இல்லை. கூரைதான்."

"அப்ப எதைச் சேமிக்கப் போறீர்? சூடாக்காத இடத்தில என்ன மிச்சம் வரும்? வீட்டுச் சூடு போறது நடுச்சுவராலயும், நீங்கள் கராஜுக்குப் போய்வாற உந்தச் சின்னக் கதவாலயும்தான். உதைச் சுத்திக் காத்துப் புகாமல் ஒரு ரப்பர் அடிச்சிருந்தால் அரை மணித்தியால வேலை."

எனக்குக் கோபம் வந்தது. "கராஜ் முந்தியைவிடச் சூடுதானே அண்ணை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தன் வான் வண்டியில் இருந்து ஒரு கருவியைக் கொண்டுவந்து தந்தார். துப்பாக்கி மாதிரி இருந்தது. ஓர் இடத்தைக் குறிபார்த்து அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும். அந்த இடம் எத்தனை டிகிரி என்று எண் தெரியும்.

"வச்சிருந்து பாரும்" என்றார்.

ஐம்பத்தெட்டு வயது ஆளின் கையில் இப்படி ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்தால் என்ன ஆகும்?

ஜனவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம். வெளியே மைனஸ் பதினாறு. சாந்தி கராஜில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஃபோம் ஒட்டியபின், என் பேச்சை நம்பி, மறுபடி அங்கே போகச் சம்மதித்திருந்தாள். நான் துப்பாக்கியோடு வந்தேன். ஃபோம் ஒட்டிய இடம் — மைனஸ் மூன்று. ஃபோம் இல்லாத ஓரம் — மைனஸ் பதினொன்று. எட்டு டிகிரி வித்தியாசம்! உடனே ஃபோட்டோ எடுத்துத் தவம் அண்ணைக்கு அனுப்பினேன். பிறகு ஃப்ரீசர் மூடி, அரிசி மூட்டை, பெயின்ட் டின் எல்லாவற்றையும் சுட்டேன்.

அப்படியே பகிடிக்கு, தாச்சிச் சட்டிக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சாந்தியின் இடக்கையைக் குறிபார்த்தேன்.

பதின்மூன்று.

கருவி பிழை என்று நினைத்து என் கையைப் பார்த்தேன். முப்பத்தொன்று. மறுபடி அவள் கை. பதின்மூன்று.

"என்ன காட்டுது?"

"பதின்மூண்டு."

"அது கூடவோ, குறைவோ?" என்று கேட்டாள், மீனைத் திருப்பிக்கொண்டே.

அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். பனிச் சப்பாத்து, ஜாக்கெட், கம்பளித் தொப்பி. வலக்கைக்காவது தாச்சிச் சூடு இருந்தது. இடக்கைக்கு ஒன்றுமில்லை. காலடியில், ஓர் அடி திறந்திருந்த கதவின் கீழால் பனித்தூள் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆமாம், திறந்த கதவு! ஆள் உள்ளே நிற்கும் நேரமெல்லாம் திறந்தே இருக்கும் ஒரு கதவுக்குத்தான் நான் மெனக்கெட்டு ஃபோம் ஒட்டியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத ஹாலில், எங்கள் சோபா இருபத்தொரு டிகிரியில் சுகமாக இருந்தது.

வெட்கமாகப் போய்விட்டது. வேறு சொல் இல்லை. பதினெட்டுக் குளிர்காலம்... மீன் சுடச்சுட வரவேண்டும் என்று உள்ளே தட்டோடு காத்திருந்த ஆள் நான்.

அகப்பையை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினேன். மிச்ச மீன் கருகியது. பத்து நிமிஷத்தில் என் விரலும் விறைத்தது.

மறுநாள் தவம் அண்ணையிடம் கேட்டேன் — உள்ளேயே பொரிக்க வழி இல்லையா? அவர் வந்து, கிச்சன் அடுப்புக்கு மேலே இருந்த ஃபேனைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, உது புகையை வெளியில விடுறேல்லை. உறிஞ்சிப் போட்டுத் திரும்ப உம்மட முகத்துக்கே விடுது."

பதினெட்டு வருஷமாக அது சத்தம் மட்டுமே போட்டிருக்கிறது! சத்தம் போட்டால் வேலை நடக்கிறது என்று நம்புவது நம்முடைய பழக்கம் — சங்கக் கூட்டங்களில்கூட அப்படித்தானே?

சுவரில் துளை போட்டு, குழாய் வைத்து, பலமான ஒரு ஃபேனைப் பூட்டினார். சின்னக் கதவைச் சுற்றி ரப்பரும் அடித்தார். ஒரு நாள் வேலை.

போன ஞாயிறு சாந்தி உள்ளே அறுக்குளா மீன் பொரித்தாள். வீட்டுச் சட்டையோடு, வெறுங்காலோடு. வெளியே போயிருந்த மகள் வந்து, வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். மணம் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். மீன் மீன்தானே.

"அம்மா... உள்ளுக்கேயா பொரிக்கிறீங்கள்?"

"ஓம்." சாந்தி திரும்பிப் பார்க்கவில்லை. "இனி இஞ்சதான்."

மகள் கோட்டைக் கழற்றி மாடியில் தன் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தாள். அடுப்படியில் நின்றபடியே ஒரு துண்டு எடுத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு கதை தொடங்கியது. ஆபீஸில் யாரோ ஒரு மேனேஜர், யாரோ ஒரு தோழியின் கல்யாணம்... அரை மணித்தியாலம். சாந்தி சிரித்த சிரிப்பில் இரண்டு துண்டு அளவுக்கு மிஞ்சிப் பொரிந்துவிட்டது.

"நீ அம்மாவோட இவ்வளவு கதைச்சு நான் பாக்கேல்லையே" என்றேன்.

"கராஜுக்கு ஆர் வந்து நிக்கிறது அப்பா? இட்ஸ் ஃப்ரீசிங்!"

இவ்வளவுதான் விஷயம். கோட்டைக் கொண்டுபோய் மாடியில் வைத்தால் தீர்ந்திருக்கும். இத்தனை வருஷமும் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

சரி, பில்? கராஜ் கதவால் குறைந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. கராஜில் ஹீட்டர் வைத்திருப்பவர்கள், அதற்கு மேலே படுக்கையறை உள்ளவர்கள் யோசிக்கலாம். என்னைப் போன்றவர்கள் முதலில் சின்னக் கதவுக்கு ரப்பர் அடியுங்கள். எனக்கு ஒரு குறையுமில்லை. மீனும் உண்டு, அடுப்படியில் சிரிப்பும் உண்டு.

ஒரேயொரு சிக்கல். வீட்டில் கறித்தூள் முடிந்துவிட்டது. புதுத் தூளுக்கு மிளகாய் வறுத்தால் எந்த ஃபேனும் தாங்காது. அது கராஜில்தான் நடக்க வேண்டும். "இந்த முறை நான் வறுக்கிறன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். சாந்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சம்மதித்துவிட்டாள். வரும் சனிக்கிழமை மைனஸ் பதினெட்டாம்.

அந்தக் கதவுக்கு ஃபோம் இன்னும் கொஞ்சம் தடிப்பாகவே ஒட்டியிருக்கலாமோ?