ரெண்டு தேயாத பெட்டி

மெக்கானிக் உள்ளங்கையைச் சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, கியர்க் குமிழை முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்து, கண்ணை மூடிக்கொள்கிறார். எஞ்சின் ஓடுவதில்லை. வண்டிக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் மற்றொரு கை உயர்ந்து தடுக்கும். ஒரு நிமிடம் கழித்துத்தான் கேள்வி வரும்.

“வண்டி எத்தனை கை மாறியிருக்கு?”

“ரெண்டு கைதான். ஆர்.சி. புக்கைப் பாருங்களேன்.”

“புக்குல ரெண்டு. கியர்ப் பெட்டிக்குள்ள மூணு பேர் இருக்காங்களே.”

வண்டிக்காரர் சிரிப்பார். இரண்டு நாள் கழித்து, மைத்துனன் திருட்டுத்தனமாக வண்டியை எடுத்து ஓட்டிய கதை வீட்டில் வெடிக்கும். அதற்குப் பிறகு இவரிடம் அவர் சிரித்துப் பேசுவதில்லை.

கார்களின் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பது மட்டுமே இவர் தொழில். கடையில் அதற்குப் பெயர் பெட்டி. தெருவில் இவருக்குப் பெயர் நியூட்ரல். எந்த வம்பு வழக்கிலும் எந்தப் பக்கமும் சேராதவர். “கல்யாணமான நாள்லருந்து மாமியாருக்கும் எனக்கும் நடுவுல நின்னு இப்படியும் அப்படியும் ஆடிட்டே இருக்காரு. ஒரு பக்கமாவது விழணுமே!” என்று அவர் மனைவி சொல்லும்போது, அவரும் சேர்ந்து சிரிப்பார், யாருக்கும் வலிக்காமல்.

தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை அறை. சுவர் முழுக்க ஆணிகள். அவற்றில், கியரைத் தள்ளும் இரும்புக் கவைகள், தேய்ந்துபோனவை, விலா எலும்புகளைப்போல் வரிசையாகத் தொங்குகின்றன. எதிலும் சீட்டு ஒட்டவில்லை. ஆனால் எது யார் வண்டியுடையது என்று அவருக்குத் தெரியும். வெளியே லாரி போனால் அத்தனையும் மெல்லக் கிணுகிணுக்கும். அவர் நிமிராமலே, “சும்மா இருங்கப்பா” என்பார். கிணுகிணுப்பு அடங்கும். லாரி தாண்டிப் போய்விட்டதால்தான் அடங்கியிருக்க வேண்டும்.

“கோவக்காரன் பல்லை உடைப்பான். சோம்பேறி கியர் மேலயே கையை வெச்சிட்டு வருவான், கவை ஒரு பக்கமாத் தேயும். ஆள் போயிடுவான். கை போகாது” என்பார்.

புதுப் பெட்டி வாங்கச் சொல்லி அவர் யாரிடமும் சொன்னதில்லை. “நமக்கு எதுக்கு அதெல்லாம்? செத்த பெட்டி ரெண்டு இருந்தா ஒண்ணுக்கு உயிர் கொடுத்துடலாம்.” விபத்தில் நொறுங்கிய வண்டிகளின் பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் வாங்குவார். அப்போது கேட்பது ஒரே கேள்விதான்.

“ஓட்டினவன் எழுந்து நடந்தானா?”

“நடந்தானாவா? ஓடினான் அண்ணா!”

இல்லை என்றால் அவர் வாங்கமாட்டார் என்பது இரும்புக்காரருக்குத் தெரியும். அதனால் அந்தக் கடைக்கு வந்த பெட்டிகளின் ஓட்டுநர்கள் எல்லோருமே ஓடியவர்கள்தான்.

கேள்விக்குக் காரணம் இவர் தம்பி. இரண்டாவதாகப் பிறந்தவன். அண்ணனின் சட்டை, அண்ணனின் செருப்பு, அண்ணனின் கிழிந்த புத்தகம் என்று வளர்ந்தவன். ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இரண்டாவது கியரை அவன் தொட்டதில்லை. ஒன்றிலிருந்து நேராக மூன்று. “வீட்டுல ரெண்டாவதா இருந்தது போதாதா? வண்டியிலயுமா?” என்பான். ஒன்பது வருடம் முன்னால், எங்காவது வாடகை வண்டி ஓட்டுகிறேன் என்று போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தாய் கேட்கும்போதெல்லாம் இவர், வருவான் என்றும் சொன்னதில்லை, வரமாட்டான் என்றும் சொன்னதில்லை.

சென்ற மாதம், நர்ஸுகளை ஷிஃப்டுக்கு ஏற்றிப்போகும் டாக்ஸிக்கார அம்மா வந்தாள். நாலு கியர் வண்டி. மேட்டில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதைவிட ஓர் ஐந்து கியர்ப் பெட்டியைப் போட்டுவிட்டால் பெட்ரோலும் மிச்சம் என்று இவர்தான் யோசனை சொன்னார். இரும்புக்காரரிடம் பொருத்தமான ஒன்று இருந்தது. ஓட்டினவன் வழக்கம்போல் ஓடியிருந்தான்.

பெட்டியைத் திறந்து, கியர்களை இணைக்கும் பித்தளை வளையங்களைக் கழுவித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றாவது, நாணயம்போல் வழவழவென்று தேய்ந்திருந்தது. இரண்டாவதில் கடைசல் வரிகள்கூட அழியவில்லை. நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் மின்னியது.

மதியம் மனைவி சோறு கொண்டுவந்தபோதும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் அந்தக் கதை தெரியும்.

“ரெண்டு போடாதவன் உலகத்துல உங்க தம்பி ஒருத்தன்தானா? எழுந்து சாப்பிடுங்க” என்றாள். ஆனால் கையில் எடுத்த வளையத்தை அவள் கீழே வைக்கவில்லை.

அவர் இரும்புக்காரரைக் கைபேசியில் அழைத்தார். “இதுவரைக்கும் நீ சொன்னதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்த ஒண்ணுக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லு.”

“வண்டியக் கொண்டுவந்தவங்களைக் கேட்டுச் சொல்றேன் அண்ணா.”

மூன்று நாள் அழைப்பு வரவில்லை. நர்ஸுகள் காத்திருந்ததால் வேலை நிற்கவில்லை. பேரிங்கும் எண்ணெய் சீலும் மூன்றாவது வளையமும் புதிதாகப் போட்டார். இரண்டாவது வளையத்தை மட்டும் தனியே எடுத்துவைத்துக்கொள்ளலாமா என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடினார். அதைவிட நல்ல வளையம் எங்கும் கிடைக்காது. மறுநாள் அதையே மாட்டினார்.

சோதனை ஓட்டத்துக்கு டாக்ஸிக்கார அம்மா ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டப்பகல், ஆளில்லாத சாலை. ஒன்றில் கிளம்பிய வண்டி நேராக மூன்றுக்குப் போய் முனகியது.

“ஐயையோ, ரெண்டுதான் போட்டேன் அண்ணா.”

“பரவாயில்ல. திரும்பப் போடுங்க.”

நிறுத்திக் கிளம்பினாள். மறுபடியும் மூன்று. “இருபது வருசமா ஓட்டுறேன். கை தானா அங்க போகுது” என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது கைபேசி அடித்தது. இரும்புக்காரர்.

“அண்ணா… நடக்கல. அந்த இடத்துலயே முடிஞ்சிருக்கு. ஒண்ணுலருந்து மூணுக்குத் தாவித் தாவியே பெட்டியக் கெடுத்துட்டான்னு வண்டி முதலாளி இன்னும் திட்டுறாராம். ஊர் பேர் எதுவும் சொல்லாத ஆளாம். அண்ணன் ஒருத்தர் பெட்டி வேலை பார்க்கிறார்னு மட்டும் சொல்லுவானாம்.”

“ம்” என்றார். கைபேசியைப் பையில் வைத்தார்.

“என்ன அண்ணா, பெட்டியில ஏதாவது தப்பா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. நீ ஓட்டுடா.”

இத்தனை நாளும் நீங்க, வாங்க என்றவர். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, குமிழைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வண்டி ஒன்றிலேயே ஊர்ந்தது. மேடு வந்தது. எஞ்சின் இரைந்தது. அவர் கையை எடுப்பார் என்று பார்த்தாள். எடுக்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி கிளட்சை மட்டும் மிதித்தாள்.

இன்னொரு கைக்கு இடம் விடுவதுபோல் அவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார்.