சைக்கிள் கம்பி ஸ்வெட்டர்

நேற்றுத் தூறலில் மகளோடு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனபோது, அவளுடைய நனைந்த கம்பளி ஸ்வெட்டரும் கடையின் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து அடித்த வாசனையில், இன்று நான்கு மாடிக் கட்டடம் நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் ஜீவனஹள்ளி வரிசை வீடுகள் அப்படியே திரும்பி வந்தன.

ஓட்டுக்கூரை, எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய், அதற்கு எதிரே எங்கள் வாசற்படியில், பொம்மசந்திரா கம்பெனியில் வேலை முடிந்து வந்த அப்பா, சைக்கிள் சக்கரக் கம்பிகளின் முனையை வெட்டித் தேய்த்துத் தானே செய்துகொண்ட ஊசிகளில், குடங்கள் நிரம்பும் சத்தத்துக்கு நடுவே டிக் டிக்கென்று, எனக்கும் தம்பிக்கும் அந்த வரிசையில் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் பின்னிக்கொண்டிருப்பார்; எவ்வளவு கழுவினாலும் போகாத மெஷின் எண்ணெய் வாசனை அவர் விரலிலிருந்து கம்பளிக்கு ஏறிவிடும்.

பக்கத்து வீட்டுக் கமலா அத்தை குழாயடியிலிருந்து சிரிப்பார். "இன்னாண்ணா, அண்ணி செய்யற வேலய நீ செய்யற?"

"கொழந்தைக்குக் குளுருது, எனக்கு இன்னாத்துக்கு வெக்கம்?" என்பார் அப்பா, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த மார்கழியில் கமலா அத்தையின் பிள்ளை அப்பா பின்னிய பச்சைத் தொப்பியோடுதான் தவழ்ந்தான். பள்ளியில் "உங்கம்மா பின்னுனதா?" என்று யாராவது கேட்டால், வகுப்புக்கே கேட்கும்படி "எங்கப்பா!" என்பேன்.

கடைக்காரர் மகளின் சைக்கிள் சக்கரத்திலிருந்து பழைய கம்பிகளைக் கழற்றிக் குப்பையில் போடப் போனார். நேராக இருந்த இரண்டைக் கேட்டு வாங்கினேன்.

"இது எதுக்கு மேடம்?"

"ஸ்வெட்டர் பின்ன."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாப்பாவுக்கா?"

"அவ போட்டிருக்கறது எங்கப்பா பின்னுனது. இது அவருக்கு."