மனப்பாடம் செய்த வழி

நான் ஜெர்மனிக்கு வந்த வழி எனக்கே சரியாகத் தெரியாது. சிரிக்காதீர்கள். ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்த வழி நன்றாகத் தெரியும்: லொறிக்குள் ஒளிந்திருந்தேன், வெளியே எதையும் காணவில்லை, தனியாக வந்தேன். அசூல் என்ற அகதித் தஞ்ச விசாரணையில் மூன்று தரம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தேன். அந்தப் பொய் மண்டைக்குள் குந்திவிட்டது. செக் எல்லை மலைகளில் நடந்து வந்த உண்மை வழி துண்டு துண்டாகிவிட்டது.

மிஞ்சியது ஒரு கற்பாலம். விடியற்காலை, பனிப்புகார். நானும் கூட்டாளியும் மட்டும். கூட்டிவந்தவன் முன்னால் தெரிந்த குன்றைக் கைகாட்டி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். எல்லை அந்தக் குன்றுக்கு அப்பால் என்றுதான் எனக்கு விளங்கியது. கூட்டாளிக்குக் கால் பிசகி வீங்கியிருந்தது. பாலத்தடியில் குந்தி ஆற்றுத் தண்ணீரில் காலை நனைத்தான்.

"நீ போ மச்சான், நான் பின்னால வாறன்."

அவன் அப்படிச் சொன்னானா, நானே சொல்லவைத்துக்கொண்டேனா, அதுவும் தெரியாது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எல்லைக்கு அந்தச் செக் பக்கம் உதவி கேட்டிருந்தால் இரண்டு பேரையும் பிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அவனுடைய தாய்க்கும் அதையே சொன்னேன்.

இந்தக் கோடையில் அந்தப் பாலத்தைத் தேடி, நாங்கள் இருக்கும் ஹம் நகரத்திலிருந்து மனைவியோடு காரில் போனேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. மூன்று பாலங்களில் இறங்கினேன், மூன்றும் அதுவாகவே தெரிந்தன.

"எல்லாப் பாலமும் உங்கட பாலந்தானோ?" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டதில் பிழையில்லை என்பதால் கூடுதலாக வந்தது.

கடைசியில் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண்மணி பழைய வரைபடத்தை விரித்தார். கோவேறு கழுதைகளில் உப்பு போன மலைப்பாதை, பிறகு வந்த ஆற்றோர வீதி, எல்லையை மூடியபின் புல் முளைத்துப்போன துண்டு எல்லாம் காட்டினார். என்னுடையது தொழிற்சாலை ஜெர்மன், பாதிதான் விளங்கியது. பழைய கற்பாலம் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறதாம். மலைமுகடுதான் எல்லையாம். அந்தச் செக் பக்கத்துத் தண்ணீர் கிழக்கே போகும், இந்த ஜெர்மன் பக்கத்துத் தண்ணீர் மேற்கே வரும். உங்கள் ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவனுடைய சொக்ஸ் நினைவுக்கு வந்தது. காலை நனைக்கும்போது ஒன்று தண்ணீரில் நழுவி, நான் நடக்கவிருந்த மேற்குப் பக்கமே மிதந்து போனது. "எனக்கு முந்தி அது போகுது" என்று அவன் சிரித்தான். அதை விசாரணையில் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை.

பெண்மணி வரைபடத்தில் இந்தப் பக்கத்துப் பாலத்தில் விரலை வைத்தார். அதைத் தாண்டி வளைவில் ஒரு ஊர். பத்து நிமிட நடை என்றார். அந்த ஊரை நான் அன்று பதுங்கிப் பதுங்கிச் சுற்றிக் கடந்திருக்கிறேன்.

மனைவி என்னவாம் என்று கேட்டாள்.

"அவனும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவன்" என்றேன். "நான்தான் விட்டிட்டுப் போனனான்."